பஸ் கட்டணமும் விசுப்பலகையும்

மனோவைத்தியம் பெரிய ஆஸ்பத்திரி நிபுணர்களின் காரியமென்றும், ஊர்ச் சிகிச்சை நிலையத்திலேயே அதற்கென ஒருவரை அமர்த்துவது வீண் ஆடம்பரமென்றும் நண்பர் சாதிக்கிறார். ஜிம்பாப்வேயில் டிக்ஸன் சிபாண்டா என்னும் மனநல மருத்துவரிடம் வரவேண்டிய இளம்பெண் ஒருத்தி, பஸ் கட்டணத்துக்குப் பணமின்றி, வராமலே தற்கொலை செய்துகொண்ட துயரத்தை அறிந்திருந்தால், நிபுணர் இருப்பதும் அவரை அடைவதும் ஒன்றேயென்று இவ்வளவு நிச்சயமாக எழுதியிருக்கமாட்டார். அத்துயரத்தின் பின்னர், அம்மருத்துவரின் முயற்சியால், 2006-இல் ஹராரேயின் ம்பாரே பகுதியில், சிகிச்சை நிலையத்தின் வெளியே விசுப்பலகை போட்டு, 14 பாட்டிமார் (பட்டதாரிகளல்லர், நண்பர் முகம் சுளிக்கட்டும்) துன்புற்றோரின் பேச்சைக் கேட்கத் தொடங்கினர். 573 பேரைக் கொண்டு நடத்தி 2016-இல் வெளியிட்ட பரிசோதனையில், ஆறு மாதத்துக்குப் பின், அப்பலகையில் அமர்ந்தவர்களிடையே வியாதிக் குறிகள் கணிசமாகக் குறைந்திருந்தன. நிபுணர் வேண்டாமென்பதன்று என் வாதம். நோய் முற்றியவரை அடையாளங்கண்டு நிபுணரிடம் அனுப்புவதற்கேனும் ஊர்ச் சிகிச்சை நிலையத்தில் ஒருவர் இருந்தாகவேண்டுமே!