நடக்கறது இருக்கட்டும்...

ஆறு மாசத்துக்கு ஒருதடவை அந்த வீடியோ வாட்ஸப்புல வந்துடும். வருஷக்கணக்கா வீல்சேர்ல இருந்த ஒருத்தர் கைப்பிடியைப் பிடிச்சு எழுந்து, தயங்கித் தயங்கி நாலு எட்டு வைப்பார். கீழே "இனி பக்கவாதமே கிடையாது, விஞ்ஞானிகள் சாதனை"ன்னு ஒரு வரி, நாலஞ்சு கைகூப்பும் பொம்மை. (பக்கவாதம் மூளை சமாச்சாரம், இது தண்டுவடம். ஃபார்வர்டு பண்றவங்ககிட்ட இதையெல்லாம் சொன்னா குரூப்லேர்ந்து தூக்கிடுவாங்க.)

சாதனைங்கறதுல எனக்குச் சந்தேகமே இல்லை. 2023 மே மாசம் நேச்சர் இதழ்ல வந்த கெர்ட்-யான் ஓஸ்கம் கதையைப் படிச்சப்ப எனக்கே புல்லரிச்சது. நெதர்லாந்துக்காரர். 2011ல சீனாவுல சைக்கிள் விபத்து, கழுத்துல அடி. சுவிட்சர்லாந்தோட லோசான் நகர்ல கிரெகுவார் கூர்தீன்ங்கற நரம்பியல் விஞ்ஞானியும், ஜோஸ்லின் ப்ளோக்ங்கற அறுவை மருத்துவரும் சேர்ந்து நடத்துற குழு இவர் மண்டையோட்டுல ரெண்டு வட்டமான கருவிகளைப் பதிச்சாங்க. ஒவ்வொண்ணுலயும் 64 எலெக்ட்ரோடு. கீழே தண்டுவடத்து மேல இன்னொரு 16 எலெக்ட்ரோடு பட்டை. "கால் தூக்கணும்"னு அவர் நினைக்கிறதை மேல இருக்கிறது படிக்கும், நடுவுல ஒரு கம்ப்யூட்டர் புரிஞ்சுக்கும், கீழே இருக்கிறது கரண்ட் கொடுக்கும். வயர் கிடையாது.

இது எப்படி சாத்தியம்? தண்டுவடம் போச்சுன்னா கால் நரம்பும் செத்துடுச்சுன்னுதான் நம்மள்ல பலர் நினைக்கிறோம். கிடையாது. அடி அதுக்கு மேலே பட்டிருந்தா, இடுப்புப் பக்கத்துத் தண்டுவடத்துல நடைக்கான நரம்புச் சுற்றுகள் உயிரோடதான் இருக்கு. மேலேர்ந்து ஆர்டர் வரலை, அவ்வளவுதான். பொட்டி தட்டுற பாஷையில சொன்னா, சர்வர் ஓடிக்கிட்டுதான் இருக்கு, நெட்வொர்க் கேபிள்தான் போச்சு. அதனால அந்தச் சுற்றுகளை வெளியேர்ந்து கரண்ட் கொடுத்து உசுப்பிவிடறாங்க. ஆரம்பத்துல விடாம கரண்ட் கொடுத்துப் பார்த்திருக்காங்க. அப்படிக் கொடுத்தா, "நான் இப்ப எந்த நிலையில இருக்கேன்"னு காலே மேல அனுப்பற சிக்னல் அதுல அடிபட்டுப் போகுதாம். 2018ல இதே குழு கண்டுபிடிச்ச சூட்சுமம், எந்தத் தசை எப்ப வேலை செய்யணுமோ அந்த இடத்துக்கு அந்த நேரத்துல மட்டும் கரண்ட். என்ன அழகான டீபக்கிங்!

ஆனா வாட்ஸப்புல வராத விஷயங்களும் இருக்கு. அறுந்த நரம்பை இது ஒட்டவைக்கலை. ஓஸ்கமுக்கு நரம்பு முழுசா அறுந்துபோகலை, மிச்சம் இருந்தது. அதுக்கு முன்னாடியே இன்னொரு ஆய்வுல மாசக்கணக்கா பயிற்சி எடுத்தவர். நடக்கறது ஊன்றுகோலோட. 2022ல முழுசா செயலிழந்த மூணு பேர் ஒரே நாள்ல அடியெடுத்து வச்சாங்கன்னு செய்தி வந்ததே, அவங்க உடம்பை மேலேர்ந்து பெல்ட் போட்டுத் தாங்கியிருந்தாங்க. நடமாட்டம்னு சொல்ற அளவுக்கு வர மாசக்கணக்குல உழைப்பு.

சரி, மேட்டருக்கு வருவோம். என் தொழில்ல அடிக்கடி நடக்கிற ஒரு கூத்து உண்டு. கிளையண்ட் கேட்டது ஒண்ணா இருக்கும், டெமோவுல கைதட்டு வாங்கறது வேற ஒண்ணா இருக்கும். தண்டுவட விஷயத்துல கிளையண்ட் என்ன கேட்டார்னு ஒருத்தங்க போய்க் கேட்டே இருக்காங்க. கிம் ஆண்டர்சன், அமெரிக்க ஆராய்ச்சியாளர். அவங்களே தண்டுவடம் அடிபட்டு வீல்சேர்ல இருக்கிறவங்க. 681 பேர்கிட்ட, எது திரும்பக் கிடைச்சா உங்க வாழ்க்கை அதிகமா மாறும்னு கேட்டு 2004ல வெளியிட்டாங்க. கழுத்துல அடிபட்டவங்கள்ல கிட்டத்தட்ட பாதி பேர் சொன்னது கை. இடுப்புக்குக் கீழே மட்டும் செயலிழந்தவங்க மத்தியில முதல்ல வந்தது தாம்பத்தியம், நாலுல ஒருத்தருக்கு மேல. அடுத்து மூத்திரம், மலம், உடம்பு நிமிர்ந்து உட்காரறது. நடை ரெண்டு பக்கமும் முதலிடத்துல இல்லை.

யோசிச்சுப் பார்த்தா நியாயம்தான். கை வந்தா தானே சாப்பிடலாம், மூக்கு அரிச்சா சொறியலாம், அடுத்தவங்களைக் கூப்பிடாம போன் எடுக்கலாம். மூத்திரப்பை நிறைஞ்சதே தெரியாது, ஆனா அதுக்கு ரத்த அழுத்தம் எகிறி உயிருக்கே ஆபத்தாகலாம். படுக்கையிலேர்ந்து நிமிர்த்தி உட்காரவச்சா அழுத்தம் இறங்கி மயக்கம். இதையெல்லாம் வீடியோ எடுக்க முடியாது. எடுத்தாலும் யாரும் ஃபார்வர்டு பண்ணமாட்டாங்க.

நம்ம ஊர்ல இன்னும் மோசம். ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிட்டு வர்ற சொந்தக்காரங்க கேட்கிற முதல் கேள்வியே "எப்ப நடப்பாரு?"தான். படுக்கைப்புண் ஆறிடுச்சான்னு எத்தனை பேர் கேட்கிறோம்? இந்த நோயாளிகளைப் பிழைக்க வச்ச வைத்தியமே அங்கதான் இருந்தது. 1944ல இங்கிலாந்தோட ஸ்டோக் மாண்டிவில் ஆஸ்பத்திரியில லுட்விக் குட்மன் பொறுப்பேத்துக்கறதுக்கு முன்னாடி, தண்டுவடம் அடிபட்ட சிப்பாய்கள்ல பெரும்பாலானவங்க புண்ணுலயும் மூத்திரத் தொற்றுலயும் போய்ச் சேர்ந்துடுவாங்க. அந்த மனுஷன் நரம்பைத் தைக்கலை. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதடவை ராத்திரி பகலா திருப்பிப் படுக்க வச்சார், மூத்திரப்பையைப் பார்த்துக்கிட்டார், 1948ல 16 பேருக்கு வில்வித்தைப் போட்டி வச்சார். அதுதான் வளர்ந்து பாராலிம்பிக்ஸ் ஆச்சு.

தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில அமர் சேவா சங்கத்தை 1981ல தொடங்கின எஸ். ராமகிருஷ்ணன், 1975ல கடற்படைத் தேர்வுல விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தப்ப நம்மளை மாதிரி ஒரு இன்ஜினியரிங் மாணவர். அவர் நடக்கறதுக்காகக் காத்திருந்திருந்தா அந்த சங்கம் இல்லை.

"எப்ப நடப்பாரு?"ங்கற கேள்வியை வச்சு வியாபாரம் பண்றவங்களும் இருக்காங்க. ஸ்டெம்செல் ஊசி போட்டா நரம்பு முளைச்சுடும்னு லட்சக்கணக்குல கறக்கறவங்களைத்தான் சொல்றேன். ஐசிஎம்ஆர் 2017 வழிகாட்டுதல் தெளிவா சொல்லுது: சில ரத்த நோய் மாதிரி விஷயங்களுக்குச் செய்ற மாற்று சிகிச்சை தவிர, அனுமதிக்கப்பட்ட ஆய்வுக்கு வெளியே ஸ்டெம்செல் கொடுத்தா அது முறைகேடு. ஆய்வுன்னா நோயாளிகிட்ட காசு வாங்கவும் கூடாது. ஆனா லோசான் வீடியோவைப் பார்த்துட்டு நிலத்தை விக்கிற அப்பாவுக்கு ஐசிஎம்ஆர்னா என்னன்னு யார் சொல்றது?

சந்தோஷமான விஷயம், ஆராய்ச்சிக்காரங்க காதுல கிளையண்ட் கேட்டது விழுந்திருக்கு. 2021ல கூர்தீன் குழு அதே மாதிரி எலெக்ட்ரோடை வச்சு ரத்த அழுத்தத்தைச் சீராக்கிக் காட்டினாங்க. 2024ல வெட்டு குத்து இல்லாம கழுத்துத் தோல் மேல ஒட்டற ஒரு கருவியை 60 பேர்கிட்ட சோதிச்சாங்க. 72 சதவீதம் பேருக்குக் கை பலமும் செயல்பாடும் கூடிச்சு. அந்த டிசம்பர்லயே அமெரிக்காவுல அனுமதியும் கிடைச்சது. ஒருத்தர் ஸ்பூனைப் பிடிக்கிற வீடியோ ஒண்ணாவது உங்களுக்கு ஃபார்வர்டா வந்ததா?

இன்னொரு கவலையும் இருக்கு, இது சுத்தமா தொழில் புத்தி. 2024ல அமெரிக்காவுல ஒரு முன்னாள் குதிரைப் பந்தய வீரர். ஒரு லட்சம் டாலர் பெறுமான, கால்ல மாட்டிக்கிட்டு நடக்கிற எக்ஸோஸ்கெலிட்டன் வச்சிருந்தார். அதை இயக்கற வாட்ச்சுக்குள்ள பேட்டரி வயர் விட்டுப்போச்சு. மெஷினுக்கு அஞ்சு வருஷத்துக்கு மேல ஆச்சு, ரிப்பேர் பண்ணமாட்டோம்னுட்டாங்க தயாரிச்சவங்க. ரெண்டு மாசம் நடை போச்சு. பத்திரிகையில நாறினப்புறம்தான் சரி பண்ணாங்க. அது கழட்டி ஓரமா வைக்கிற மெஷின். மண்டையோட்டுக்குள்ள பதிச்ச கருவிக்குப் பதினஞ்சு வருஷம் கழிச்சு யார் பேட்ச் போடுவாங்க?