மழைக்கு முன்பே அரிசி வந்து சேரட்டும்

மதிப்பிற்குரிய செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

வடகிழக்குப் பருவமழை நெருங்கும்போதெல்லாம் அரசிடமிருந்து ஓர் அறிவுரை வருகிறது. அரிசி, பருப்பு, குடிநீர், மெழுகுவத்தி, மாத்திரை எல்லாவற்றையும் சில நாளைக்கு வீட்டில் இருப்பு வையுங்கள் என்கிறார்கள். நல்ல அறிவுரை. இன்று உங்கள் மாவட்டத்தில் இருக்கும் தாம்பரத்தில் 2015 டிசம்பரில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. வீட்டில் நாலு நாள் சாமான் வைத்திருந்தவர்கள் மாடியில் அடுப்பு மூட்டிச் சமாளித்தார்கள்.

மதுராந்தகத்தில் மாதச் சம்பளம் வாங்கும் குடும்பத்துக்கு இது மளிகைக் கடைக்கு ஒரு நடை. ஏரிக்கரை ஓரங்களிலும் புறம்போக்கிலும் குடிசை போட்டிருக்கும் இருளர் குடும்பங்களுக்கு அப்படியில்லை. அவர்களுக்காகத்தான் இந்த மடல்.

மதுராந்தகம் ஏரி 23.3 அடியை எட்டினால் உபரி நீர் கிளியாற்றில் பாயும்; கரையோர ஊர்களுக்கு எச்சரிக்கை வரும். அதே நாட்களில் கூலி வேலையும் நின்றுபோகும். சம்பா அறுவடை தையில்தான். செங்கல் சூளை மழை ஓய்ந்த பிறகுதான் தொடங்கும். அன்றைய கூலியில் அன்றைய அரிசியும் பத்து ரூபாய் எண்ணெயும் வாங்கி உலை வைக்கிறவர்கள் எதை இருப்பு வைப்பார்கள்? சூளைக்கும் அரிசி ஆலைக்கும் ஆள் பிடிக்கும் மேஸ்திரி முன்பணத்தோடு வருவது இந்த நேரம் பார்த்துத்தான். ஐப்பசியில் கைநீட்டி வாங்கிய பணத்துக்காகத் தை பிறந்ததும் பிள்ளை குட்டிகளோடு குடும்பமே சூளைக்குப் போகிறது. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-லேயே வந்துவிட்டது. மீட்கப்பட்டவர்களைக் கேட்டுப் பாருங்கள். பலருக்கும் தொடக்கம் ஒரு மழைக்காலத்துச் சாப்பாட்டுச் செலவோ வைத்தியச் செலவோதான். வீட்டில் மூன்று மாத அரிசி இருந்தால், அந்த முன்பணத்தை வேண்டாம் என்று சொல்லும் தெம்பு அவர்களுக்கு வரும்.

2025-ல் மத்திய அரசு, தென்மேற்குப் பருவமழையை மனத்தில் வைத்து, ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான மூன்று மாதத் தானியத்தையும் முன்கூட்டியே கொடுத்துவிடும்படி மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது. நமக்கு மழை ஐப்பசி, கார்த்திகையில். அதே ஏற்பாட்டை அக்டோபர், நவம்பர், டிசம்பருக்கு மாற்றி, இந்தக் குடியிருப்புகளுக்கு மட்டுமாவது செப்டம்பர் முடிவதற்குள் வழங்கும்படி உணவுத் துறைக்கு நீங்கள் எழுத வேண்டும். ஒரு மாத அரிசி முன்னதாக வந்தால் போதாது. மீனவர்களுக்கு மீன்பிடி குறைவுக்கால நிவாரணமாகக் குடும்பத்துக்கு 6,000 ரூபாய் உண்டு. மழைக்காலம் பிழைப்பில்லாத காலம் என்பதைக் கடற்கரையில் அரசே ஒப்புக்கொண்டிருக்கிறது. ஏரிக்கரைக்கும் அந்த நியாயம் பொருந்தும்.

அரிசியை எங்கே வைப்பது என்பது அடுத்த கவலை. அந்தியோதயா அட்டைக்கு மாதம் 35 கிலோ என்றால் மூன்று மாதத்துக்கு 105 கிலோ. ஒழுகுகிற கூரையின் கீழ் சாக்கு நனைந்தால் அரிசி கட்டிதட்டி நாறிவிடும். நனையாமல் தப்பினாலும் வண்டு விழும். பண்ணை வீடுகளில் நெல்லுக்குப் பத்தாயமும் குதிரும் இருந்தன. அந்த நெல்லை அறுத்துப் போட்டவர்கள் வீட்டில் அவை இருந்ததே இல்லை. குடும்பத்துக்கு ஒன்றாக, இறுக மூடும் பேரல் கொடுங்கள். தண்ணீர் ஏறும் இடமென்றால், பக்கத்துப் பள்ளியிலோ அங்கன்வாடியிலோ மேடான ஓர் அறையை ஒதுக்கி, குடும்பத்தின் பெயர் எழுதி அங்கே வைக்கலாம். பெரிய செலவில்லை.

இன்னும் ஒன்று, இதைத் தயவுசெய்து தள்ளிவைக்காதீர்கள். சூளையில் கல் அறுத்துத் தேய்ந்த விரல்களின் ரேகை ரேஷன் கடைக் கருவியில் சரியாக விழுவதில்லை. மழையில் சிக்னலும் போய்விட்டால் அட்டை கையில் இருந்தும் வெறும் பையோடு திரும்ப வேண்டியதுதான். மழை மாதங்களில் நோட்டில் எழுதிக் கையெழுத்தோ கைநாட்டோ வாங்கிக்கொண்டு கொடுக்கும்படி கடைக்காரர்களுக்கு எழுத்திலேயே உத்தரவு போடுங்கள். வாய்மொழியாகச் சொன்னால் அவர்கள் பயப்படுவார்கள். அட்டையே இல்லாத குடும்பங்களும் இருக்கின்றன. சூளை சூளையாக இடம் மாறுகிறவர்களிடம் முகவரிச் சான்று கேட்டால் எங்கே போவார்கள்?

செப்டம்பரில் ஒரு நாள், வட்ட வழங்கல் அலுவலரையும் அழைத்துக்கொண்டு மதுராந்தகம் வட்டத்து இருளர் குடியிருப்புகளுக்கு நேரில் வாருங்கள். சாயங்காலமாக வந்தால், கூலிக்குப் போனவர்களும் திரும்பியிருப்பார்கள். அட்டை இல்லாதவர்களின் பெயரை அங்கேயே உட்கார்ந்து எழுதிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
மதுராந்தகவாசி