எலி பெருசெண்டா பாசமும் பெருசா?

ஒரு வெள்ளிக்கிழமை இரவு, புதுக்கடை அப்துல் ஹமீத் தெருவில் கொத்துக்குக் காத்துக்கொண்டு நின்றோம். பகலில் கறுப்புக் கோட்டுகளும் வழக்குக் கோப்புகளும் ஓடித்திரிகிற இடம். இரவானால் கொத்துத் தட்டுகிற சத்தம்தான். அந்தச் சத்தத்துக்குள் எங்களில் ஒருத்திக்கு கனடாவில் இருந்து வீடியோ கோல் வந்தது. ஸ்கார்பரோவில் இருக்கிற அவளின் சித்தியின் மகன். எங்கள் எல்லாருக்குமே தம்பி மாதிரி.

"அக்கா, பாருங்கோ, இண்டைக்கு இவனுக்கு விருந்து!"

இவன் என்றது அவன் வளர்க்கிற பாம்பை. போல் பைதன். பயந்தால் தலையை நடுவில் வைத்துப் பந்துபோலச் சுருண்டுகொள்ளும், அதனால்தான் அந்தப் பெயர். மேற்கு, மத்திய ஆபிரிக்காவைச் சேர்ந்த, மலைப்பாம்பு இனங்களிலேயே சிறிய ஒன்று. வளர்ந்தாலும் பெரும்பாலும் ஒன்று முதல் ஒன்றரை மீட்டர்தான். ரொறொன்ரோவில் அதை வளர்ப்பதற்குத் தடை இல்லை.

தம்பியின் பாம்பு அப்போது ஏறக்குறைய 350 கிராம். அவன் இடுக்கியில் தூக்கிக் காட்டிய எலி 150 கிராம் வரும். எலியின் வயிறு பாம்பின் உடம்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு தடிப்பு. நாங்கள் என்ன செய்தோம்? வாயைப் பிளந்துகொண்டு பார்த்தோம். அது பிடித்து, சுற்றி இறுக்கி, அரை மணித்தியாலமாக விழுங்கியது. "ஐயோ, சின்ன வாய்க்குள்ள எப்பிடிப் போகுது!" என்று கத்தினோம். கொத்து ஆறிப்போனதுதான் மிச்சம்.

அடுத்த நாள் அவன் நண்பர்களுக்குக் காட்டுவதற்காகப் பாம்பைக் கையில் எடுத்திருக்கிறான். மூன்றாம் நாள் அது அரைகுறையாகச் செமித்த எலியை அப்படியே கக்கிவிட்டது. வீடு முழுக்க நாற்றம். பிறகு ஒன்றரை மாதம் அது எதையும் தொடவில்லை. மிருக வைத்தியரிடம் கொண்டுபோனபோது அவர் கேட்ட முதல் கேள்வி: "கடைசியாக என்ன சாப்பிட்டது, எத்தனை கிராம்?" தம்பியிடம் பதில் இல்லை. அவன் நிறுத்துப் பார்த்ததே இல்லை.

இந்தக் கதையில் தம்பியை மட்டும் குற்றம் சொல்லிவிட்டுப் போக எங்களுக்கு மனம் வரவில்லை. கைதட்டியது நாங்கள். அதனால்தான் இதை எழுதுகிறோம்.

அளவு என்பது என்ன?

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறோம். போல் பைதனுக்கு இரை தெரிவு செய்வதற்கு அனுபவம் உள்ளவர்கள் இரண்டு அளவுகோல்கள் வைத்திருக்கிறார்கள்.

ஒன்று, கண்ணளவு. இரையின் மிகத் தடிப்பான இடம் பாம்பின் மிகத் தடிப்பான இடத்துக்குச் சமமாக, அல்லது சற்றுக் குறைவாக இருந்தால் போதும். பார்க்க வேண்டியது பாம்பின் தலையை அல்ல, நடு உடம்பை. விழுங்கி முடித்த பிறகு வயிற்றில் இலேசான மேடு தெரிந்தால் சரி. தேங்காயை விழுங்கியதுபோலத் தெரிந்தால் பிழை.

இரண்டு, தராசு. சமையலறையில் மாவு நிறுக்கிற சின்ன டிஜிட்டல் தராசே போதும். குட்டியாக இருக்கும்போது உடல் எடையில் 10 முதல் 15 சதவீதம். பொரித்து வந்த குட்டி 60 கிராம் என்றால் 6 முதல் 9 கிராம் எடையுள்ள எலிக்குஞ்சு. அதை வாரத்துக்கு ஒன்று கொடுக்கலாம். வளர வளர இந்தச் சதவீதம் குறையவேண்டும், இடைவெளி கூடவேண்டும். 1500 கிராம் உள்ள வளர்ந்த பாம்புக்கு 5 சதவீதம் என்றால் 75 கிராம். அதுவும் இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை.

தம்பியின் கணக்கை இதில் போட்டுப் பாருங்கள். 350 கிராம் பாம்புக்கு 35 முதல் 50 கிராம் வரை போதும். அவன் கொடுத்தது அதன் மூன்று மடங்கு. உடல் எடையில் 40 சதவீதத்துக்கும் மேல். 60 கிலோ ஆள் ஒரே இருப்பில் 25 கிலோ சாப்பிட்ட மாதிரி.

"ஆனா அது விழுங்கிச்சுத்தானே?" என்று நீங்கள் கேட்கலாம். தம்பியும் அதைத்தான் கேட்டான். விழுங்க முடிவது வேறு, செமிக்க முடிவது வேறு. பாம்பின் கீழ்த்தாடையின் இரண்டு பக்கங்களும் எங்களுடையதுபோல நாடியில் எலும்பாக ஒட்டியிருப்பதில்லை. இழுபடும் இணைப்பு ஒன்றுதான் அவற்றைச் சேர்த்து வைத்திருக்கிறது. தோலும் இழுபடும். தாடை கழன்றுபோகிறது என்பது பலர் நம்புகிற கட்டுக்கதை. அதன் வாய் அப்படி அகல விரியவே படைக்கப்பட்டது. வாய் விரிகிறது என்பதற்காகப் பெரிதாகக் கொடுப்பது, பையில் இடம் இருக்கிறது என்று பத்து இறாத்தல் பாணைத் திணிக்கிற மாதிரி.

விழுங்கிய பிறகு உள்ளே நடப்பது சின்ன வேலை இல்லை. பர்மிய மலைப்பாம்புகளை வைத்துச் செய்த ஆய்வுகளில், பெரிய இரை ஒன்றைத் தின்ற பிறகு உடலின் சக்திச் செலவு 40 மடங்கு வரை கூடுவதைக் கண்டிருக்கிறார்கள். சிறுகுடல் பருக்கிறது. உடல் எடையில் 25 சதவீதம் உள்ள இரையைக் கொடுத்த 48 மணித்தியாலத்துக்குள் இதயத்தின் தசை 40 சதவீதம் வளர்ந்ததை 2005இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. ஒரு சாப்பாட்டுக்காக இதயமே பெருக்கிறது! அப்படிப்பட்ட நேரத்தில் பாம்பைத் தூக்கி நாலு பேருக்குக் காட்டினால் அது கக்காமல் என்ன செய்யும்?

சூடும் வேண்டும். பாம்பு தன் உடம்பைத் தானே சூடாக்காது. கூட்டின் ஒரு பக்கம் 31, 32 பாகை செல்சியஸ் இல்லாவிட்டால் உள்ளே போன எலி செமிக்க முன்னரே அழுகத் தொடங்கும். கொழும்பு வெயிலில் இது பெரிய பிரச்சினை இல்லை. ஸ்கார்பரோவின் மாரியில் பிரச்சினைதான். ஆக, இரை பெரிது, கூடு குளிர், அடுத்த நாளே கை வைத்தது. மூன்று பிழையும் சேர்ந்தால் முடிவு அதுதான். சாப்பிட்ட பிறகு குறைந்தது 48 மணித்தியாலம் தொடக்கூடாது. கக்கிவிட்டால் இரண்டு வாரமாவது வயிற்றுக்கு ஓய்வு கொடுத்து, பிறகு மிகச் சிறிய இரையில் இருந்து தொடங்கவேண்டும்.

"காட்டில பெருசாத் தின்னுதே"

இந்த வாதத்தை நாங்கள் அடிக்கடி கேட்கிறோம். யானைப் பசிக்குச் சோளப்பொரியா என்று கேலி செய்கிறவர்களும் உண்டு. காட்டில் ஒரு மலைப்பாம்பு பெரிய இரையைப் பிடிப்பது உண்மை. ஆனால் அடுத்த இரை எப்போது வரும் என்று அதற்குத் தெரியாது. கூட்டில் இருக்கிற பாம்புக்கு அந்தக் கஷ்டம் இல்லை. திகதி தவறாமல் சாப்பாடு வருகிறது, ஓட இடமும் இல்லை. பெரிய இரை, அடிக்கடி, அசைவும் இல்லை என்றால் கொழுப்புத்தான் சேரும். ஈரலிலும் சேரும்.

அதோடு, காட்டிலும் போல் பைதன் கிடைத்ததெல்லாம் தின்னுகிற ராட்சசன் அல்ல. தென் நைஜீரியாவில் நடந்த கள ஆய்வொன்றில், 70 சென்ரிமீட்டருக்குக் குறைந்தவை பெரும்பாலும் சிறு பறவைகளையும், ஒரு மீட்டருக்கு மேற்பட்டவை சிறு பாலூட்டிகளையும் தின்பது தெரியவந்தது. தன் உடம்புக்கு எது சரி என்று அதற்குத் தெரிந்திருக்கிறது. எங்களுக்குத்தான் தெரியவில்லை.

இன்னொரு விசயம். வளர்ந்த போல் பைதன் சில நேரம் மாதக்கணக்கில் சாப்பிடாமல் இருக்கும். எடை பெரிதாகக் குறையாவிட்டால் அது அதன் இயல்பு. அந்த நேரத்தில் பதறிப்போய் "இதைவிடப் பெருசாக் குடுத்துப் பாப்பம்" என்று போவதுதான் பலர் செய்கிற தவறு. உயிருள்ள எலியை விட்டுப் பார்ப்பது அதைவிட மோசம். பசியில்லாத பாம்போடு ஒரு கூட்டில் அடைபட்ட எலி பாம்பைக் கடித்துக் குதறியிருக்கிறது. எலிக்கும் அது சித்திரவதை. கொன்று உறையவைத்த எலியை வெந்நீரில் இளக்கிச் சூடாக்கி இடுக்கியால் கொடுப்பதே இரண்டு பக்கத்துக்கும் நல்லது.

யாருக்காக அந்தப் பெரிய எலி?

எங்கள் சந்தேகம் இதுதான்: அந்த 150 கிராம் எலி பாம்புக்காக வாங்கப்பட்டதா, எங்களுக்காக வாங்கப்பட்டதா?

நாங்கள் வளர்ந்த வீடுகளில் பாசத்தை அளப்பது கோப்பையில்தான். "இன்னும் ஒரு புட்டு வைக்கட்டா?" "என்ன பிள்ளை, ஒண்டும் தின்னேல்லையே!" போதும் என்று கையை மறித்தாலும் விரல் இடுக்கால் சோறு விழும். மனுசருக்கு அது சரி, வேண்டாம் என்று எழும்பிப் போகலாம். பாம்பு அப்படி எழும்பிப் போகாது. அதற்கு மேல் இப்போது கமராவும் வந்துவிட்டது. சின்ன எலியைப் பாம்பு சத்தமில்லாமல் விழுங்குவதை யார் பார்ப்பார்? வாய் கிழிகிற மாதிரி இருந்தால்தான் பார்வை ஏறும். அளவைத் தீர்மானிப்பது தராசு அல்ல, பார்வையாளர்கள். அந்தப் பார்வையாளர்களில் நாங்களும் இருந்தோம்.

"இது கனடாக் கதை, எங்களுக்கென்ன?" என்று தள்ளிவிட முடியாது. 2023 ஜனவரியில் பாங்கொக்கில் இருந்து சென்னை விமான நிலையத்துக்கு வந்து, யாரும் எடுக்காமல் கிடந்த பைகளுக்குள் 45 போல் பைதன்கள் இருந்தன. அவற்றைத் திருப்பி அனுப்பினார்கள். அதே ஆண்டு ஏப்ரலில் கோலாலம்பூரில் இருந்து வந்த ஒரு பயணியின் பெட்டிகளில் 22 பாம்புகள். வாங்க ஆள் இல்லாமல் யாரும் கடத்துவதில்லை. அந்த ஆட்கள் எங்கள் வயதுக்காரர்கள், எங்களைப்போல வீடியோ பார்க்கிறவர்கள். இந்தியாவில் 2022ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு இப்படியான வெளிநாட்டு உயிரினங்களை வைத்திருப்பவர்கள் பதிவு செய்தாகவேண்டும். இலங்கையில் 1937ஆம் ஆண்டின் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. அனுமதிப்பத்திரம் இல்லாமல் பாம்பைக் கொண்டுவரவும் முடியாது, காட்டில் இருக்கிற எங்கள் மலைப்பாம்பைப் பிடித்து வைத்திருக்கவும் முடியாது. மீறினால் இரவில் கொத்துக்கு வருகிற இதே புதுக்கடைக்குப் பகலில் வழக்குக்கு வரவேண்டி இருக்கும்.

அளவு தெரியாமல் வாங்கினால் எங்கே போய் முடியும் என்பதற்கு புளோரிடா சாட்சி. வளர்ப்பு வியாபாரத்துக்காகக் கொண்டுவரப்பட்டு, தப்பியும் கைவிடப்பட்டும் போன பர்மிய மலைப்பாம்புகள் எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் பெருகிவிட்டன. அங்கே ரக்கூன்கள் கண்ணில் படுவது 99 சதவீதத்துக்கும் மேல் குறைந்துவிட்டதாக 2012இல் ஒரு ஆய்வு சொன்னது. அந்தப் பாம்புகளைத் தேடிப் பிடிக்க 2017 ஜனவரியில் தமிழ்நாட்டில் இருந்து இருளர் சமூகத்தைச் சேர்ந்த மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இருவரை அழைத்தார்கள். வந்த கொஞ்ச நாளிலேயே 13 பாம்புகள். அதில் ஒன்று 16 அடி. மண்ணில் தடம் பார்த்து, எச்சம் பார்த்துப் பாம்பின் போக்கை அறிந்தவர்கள் அவர்கள். பாம்போடு தமிழருக்கு உள்ள உறவில் நாங்கள் பெருமைப்படக்கூடியது அந்த அறிவுதான். கூட்டுக்குள் வைத்துக் காட்டுகிற வித்தை அல்ல.

எங்கள் ஊரிலும் அந்த அறிவு உதவும். வயல் ஓரத்திலோ கொழும்பின் சதுப்பு நிலத்திலோ வயிறு வீங்கிய மலைப்பாம்பு கிடந்தால் கூட்டம் சேர்ந்து தடியால் குத்துவோம், படம் எடுப்போம். பயந்தால் அது இரையைக் கக்கிவிட்டு ஓடப் பார்க்கும். அந்த ஒரு இரை அதற்குப் பல வார உழைப்பாக இருக்கலாம். தள்ளி நிற்பது, வனஜீவராசிகள் திணைக்களத்தின் 1992 இலக்கத்துக்கு அழைப்பது, அவ்வளவுதான் எங்கள் வேலை.

ஆகவே எங்கள் நிலைப்பாடு இது. இலங்கையில் இருப்பவர்கள் போல் பைதன் வாங்க நினைக்கவேண்டாம். "ஒரு ஆள் எடுத்துத் தருவார்" என்று யாராவது சொன்னால் அந்த ஆள் உங்களை எங்கே எடுத்துப்போவார் என்று யோசியுங்கள். சட்டம் இடம் கொடுக்கிற நாட்டில் ஏற்கனவே வளர்ப்பவர்கள் முதலில் ஒரு தராசு வாங்குங்கள். மாதம் ஒருமுறை பாம்பை நிறுத்து எழுதிவையுங்கள், கொடுக்கிற எலியையும் நிறுத்து எழுதிவையுங்கள். சந்தேகம் வந்தால் சின்னதைத் தெரிவு செய்யுங்கள். சின்ன இரையால் பசி கொஞ்சம் மிஞ்சும், பெரிய இரையால் உயிரே போகலாம்.

தம்பியின் பாம்பு இப்போது தேறிவிட்டது. ஏழாவது வாரம் 15 கிராம் எலிக்குஞ்சில் தொடங்கினான். போன கிழமை மறுபடியும் எடுத்தான். "அக்கா, 38 கிராம் எலி, கரெக்டா நிறுத்தனான்" என்றான். பாம்பு ஐந்து நிமிசத்தில் விழுங்கிவிட்டு மரப்பெட்டிக்குள் போய்விட்டது. பார்ப்பதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனாலும் நாங்கள் கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தோம்.