கடையை மூடினால் கணக்கையும் மூடுங்கள்!



கடை திறப்பதென்றால் நாள் பார்க்கிறோம், நேரம் பார்க்கிறோம், ஹோமம் செய்து புதுக்கணக்குப் போடுகிறோம். அதே கடையை மூடும்போது மட்டும் யாரிடமும் சொல்லிக்கொள்வதில்லை. இருந்த சரக்கை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, ஷட்டரை இறக்கிச் சாவியைக் கட்டட உரிமையாளரிடம் கொடுத்ததும் எல்லாம் தீர்ந்தது என்று எண்ணிவிடுகிறோம். தீர்ந்தது வியாபாரம்தான். சர்க்காரின் ஏட்டில் நம் பெயரில் உள்ள கணக்கு திறந்தபடியே கிடக்கிறது.

நம் ஓரிக்கையிலும் காஞ்சியின் மற்றப் பகுதிகளிலும் சொந்தத் தறி, சொந்தக் கடை என்று இருந்தவர்கள் மாதச் சம்பளத்துக்குப் போவது இன்று புதிதல்ல. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளுக்குப் போகிறவர்கள் உண்டு. காந்தி ரோட்டுப் பட்டுக் கடைகளிலேயே விற்பனையாளராகச் சேருகிறவர்களும் உண்டு. உழைத்துச் சம்பாதிப்பதில் இழிவு ஏதும் இல்லை. ஆனால் முதலாளியாக இருந்தவர் தொழிலாளியாகப் போவதை ஏதோ குறையாக நினைத்து, சங்கத்துக்கும் சொல்லாமல், ஆடிட்டரிடமும் கேட்காமல் ஓசைப்படாமல் ஒதுங்கிவிடுகிறார்கள். தொல்லை அங்கேதான் ஆரம்பமாகிறது.

இப்படிப் போகிறவர்களிடம் இரண்டு தப்பெண்ணங்கள் இருக்கின்றன. "ரிட்டர்ன் போடாமல் விட்டால் ஜி.எஸ்.டி. நம்பர் தானாகவே ரத்தாகிவிடும்" என்பது ஒன்று. "சம்பளத்திலேயே வரி பிடித்துவிடுகிறார்கள், இனி நமக்கு ரிட்டர்ன் எதற்கு?" என்பது இன்னொன்று. இரண்டையும் பார்ப்போம்.

முதலில் ஜி.எஸ்.டி. தொடர்ந்து ஆறு மாதம் ரிட்டர்ன் வராவிட்டால் பதிவை ரத்து செய்ய அதிகாரிக்கு அதிகாரம் உண்டு என்பது மெய்தான். அதனால் பழைய பாக்கி ரத்தாகாது. ரத்தாகும் தேதி வரை உள்ள ஒவ்வொரு ரிட்டர்னும் நம் தலையில்தான். விற்பனையே இல்லாத மாதத்துக்கும் 'நில்' ரிட்டர்ன் போட்டாக வேண்டும். போடாவிட்டால் 3பி ரிட்டர்ன் ஒன்றுக்கு நாளொன்றுக்கு 20 ரூபாய், அதிகபட்சம் 500 ரூபாய் தாமதக் கட்டணம். ஓராண்டு சும்மா இருந்தால் ஒரு ரூபாய் விற்பனையும் இல்லாமலே 6,000 ரூபாய் ஏறிவிடும். வரி பாக்கி இருந்த மாதமென்றால் கட்டணமும் அதிகம், வட்டியும் தனி. மேலும், மூன்று ஆண்டு கடந்த பழைய ரிட்டர்ன்களைத் தாக்கல் செய்யவே முடியாது என்ற கட்டுப்பாடு 2025ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்துவிட்டது. அபராதம் கட்டியாவது சரிசெய்துகொள்ளலாம் என்று காலம் கடத்துகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

முறையாகச் செய்வது கடினமல்ல. கடையை நிறுத்திய 30 நாளுக்குள் ரெக்-16 படிவத்தில் ரத்து கோரி விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பித்ததும் பதிவு நிறுத்திவைக்கப்படும். அதற்குமேல் மாத ரிட்டர்ன் தொல்லை இல்லை. அதுவரை உள்ள ரிட்டர்ன்கள் மட்டும் பாக்கியின்றி இருக்க வேண்டும். 'நில்' 3பி ரிட்டர்னைச் செல்போனிலிருந்து 14409 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பியே முடித்துவிடலாம்; இந்த வசதி 2020 ஜூன் முதல் இருக்கிறது.

இதில் பலர் கோட்டைவிடும் இடம் இறுதி ரிட்டர்ன். ஜி.எஸ்.டி.ஆர்.-10 எனப்படும் இதை, ரத்துத் தேதி அல்லது ரத்து உத்தரவுத் தேதி, இவற்றில் பிந்தியதிலிருந்து மூன்று மாதத்துக்குள் போட வேண்டும். காம்பவுண்டிங் முறையில் இருந்தவர்களுக்கு இது வேண்டியதில்லை. மற்றவர்கள் கையிருப்புச் சரக்கைக் காட்டி, அதற்கு எடுத்திருந்த உள்ளீட்டு வரிச் சலுகையை, அல்லது அந்தச் சரக்குக்கு உரிய விற்பனை வரியை, எது அதிகமோ அதைக் கட்ட வேண்டும். விற்காத சேலைகளை வீட்டுப் பீரோவில் அடுக்கிவிட்டால் கணக்கு தீர்ந்துவிடாது. கடையை அப்படியே தம்பிக்கோ மகனுக்கோ மாற்றிக் கொடுத்தால், மீதமுள்ள வரிச் சலுகையை ஐ.டி.சி.-02 படிவத்தின் மூலம் அவர் பெயருக்கு மாற்றிவிடலாம்.

நாலு வருஷம் சம்பளத்துக்கு இருந்துவிட்டு மீண்டும் கடை வைக்கலாம் என்று வருகிறவர்களுக்குத்தான் பெரிய அடி. பழைய பதிவு ரிட்டர்ன் போடாததால் ரத்தாகியிருந்தால், அதைச் சரிசெய்யாமல் புதுப் பதிவு கேட்பவரின் விண்ணப்பத்தை நிராகரிக்கலாம் என்று 2019 மார்ச்சிலேயே மத்திய வரி வாரியம் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. பான் எண் ஒன்றுதானே! திரும்பி வரும் வழியை நாமே அடைத்துக்கொண்டு போகலாமா?

இனி வருமான வரி. சம்பளம் தருகிறவர் தாம் கொடுத்த சம்பளத்துக்கு வரி பிடிப்பார். அந்த ஆண்டில் கடை நடந்த மாதங்களில் நாம் ஈட்டிய லாபம் அவருக்கு எப்படித் தெரியும்? ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கடை, அக்டோபர் முதல் வேலை என்றால், இரண்டு வருமானத்தையும் சேர்த்துக் காட்டி ரிட்டர்ன் போடுவது நம் கடமை. சம்பளக்காரர்களுக்கான ஐ.டி.ஆர்.-1 படிவம் அந்த ஆண்டுக்குப் பொருந்தாது. உத்தேச லாபக் கணக்கு காட்டியவர்களுக்கு ஐ.டி.ஆர்.-4, மற்றவர்களுக்கு ஐ.டி.ஆர்.-3 என்பதே முறை. 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் என்று வகுக்கப்பட்டிருப்பதால், பிரிவு எண்களையும் படிவங்களையும் ஆடிட்டரிடம் ஒருமுறை கேட்டுத் தெளிவது நல்லது.

நட்டத்தில் மூடியவர்கள் இதை அவசியம் படிக்க வேண்டும். வியாபார நட்டத்தைச் சம்பளத்தில் கழிக்க முடியாது. ஆனால் கெடு தேதிக்குள் ரிட்டர்ன் போட்டு நட்டத்தைப் பதிவு செய்தால், எட்டு ஆண்டு வரை கொண்டுபோய்ப் பின்னால் வரும் வியாபார லாபத்தில் கழிக்கலாம். "நட்டம்தானே, எதற்கு ரிட்டர்ன்?" என்று விட்டவர் அந்த உரிமையை இழக்கிறார். அதேபோல், வராக்கடன் என்று முன்பு தள்ளி எழுதிய பாக்கி கடை மூடிய பிறகு வசூலானால், அது வசூலான ஆண்டின் வியாபார வருமானம். கணக்குப் புத்தகங்களையும் பழைய பேப்பர்காரருக்கு எடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஜி.எஸ்.டி. சட்டப்படி, ஆண்டு ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதம் அவற்றை வைத்திருக்க வேண்டும்.

நம் ஊரின் பெயர்க் கதையை எல்லோரும் அறிவோம். கணிகண்ணனைப் பல்லவ மன்னன் நாடு கடத்த, திருமழிசை ஆழ்வாரும் உடன் கிளம்ப, ஆழ்வார் சொற்படி திருவெஃகாப் பெருமாளும் பின்தொடர்ந்து, ஓரிரவு தங்கிய இடம் ஓரிரவிருக்கையாகி ஓரிக்கை ஆயிற்று என்பார்கள். அன்று பெருமாளே பாம்புப் பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டுதான் கிளம்பினார். நாமோ பாயை விரித்த இடத்திலேயே விட்டுவிட்டு வேலைக்குப் போகிறோம்!

வணிகர் மீது மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. போலிப் பில் போடுகிறவர்களைப் பிடிக்க இலாகாவுக்குக் கட்டுப்பாடுகள் தேவை என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் வரி பாக்கி ஒரு பைசாவும் இல்லாத சிறு வணிகர், இறுதி ரிட்டர்ன் போடத் தாமதித்தார் என்பதற்காக நாளொன்றுக்கு 200 ரூபாய் வீதம் 10,000 ரூபாய் வரை கட்ட வேண்டும் என்பது எந்த நியாயம்? கடையை இழந்து புது வேலையில் சேர்ந்தவருக்கு அது பெருந்தொகை. 2023 ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை ஐந்து மாதம் இந்தக் கட்டணத்தை 1,000 ரூபாயாக மத்திய அரசே குறைத்து வைத்தது. அன்று கொடுத்த சலுகையை நிரந்தரமாக்கினால் கஜானா காலியாகிவிடாது. ரத்து உத்தரவு கொடுக்கும்போதே, இன்ன தேதிக்குள் இறுதி ரிட்டர்ன் போடவேண்டும் என்று எளிய தமிழில் ஒரு கடிதமும் அனுப்பலாம். வரி வசூலிக்கத் தெரிந்த இலாகாவுக்கு வழியனுப்பவும் தெரிய வேண்டும்.

சங்கங்களுக்கும் ஒரு கடமை உண்டு. கடை திறப்பு விழாவுக்குச் சால்வையோடு போகும் நிர்வாகிகள், கடை மூடுகிறவரின் வீட்டுக்கும் ஒருமுறை போக வேண்டும். மாதம் ஒரு நாள் ஆடிட்டர் ஒருவரைச் சங்க அலுவலகத்தில் அமர்த்தி, கடையை நிறுத்துகிறவர்களுக்கு ஜி.எஸ்.டி. ரத்து, இறுதி ரிட்டர்ன், வருமான வரி, மாநகராட்சியின் தொழில்வரி, உணவுப் பொருள் விற்றவர்களுக்கு அந்த உரிமம் ஆகியவற்றை ஒரே இடத்தில் முடித்துக் கொடுத்தால், சந்தா கட்டிய உறுப்பினருக்குச் சங்கம் செய்யும் கைம்மாறாக அது இருக்கும். ஆண்டுக்கணக்கில் நம்மோடு வரிசையில் உட்கார்ந்து வியாபாரம் செய்தவர், சம்பளத்துக்குப் போனார் என்பதற்காக நமக்கு அந்நியராகிவிட மாட்டார்.

கடையை விட்டு வேலைக்குப் போக முடிவு செய்திருக்கும் சகோதரர்களே! கூச்சப்படாமல் சங்கத்துக்கு வாருங்கள். வேலையில் சேரும் தேதி முடிவானதும், பூட்டு வாங்கப் போகும் முன்பே ஆடிட்டரைப் பாருங்கள். நாளை மீண்டும் கடை வைக்கும் காலம் வந்தால், உங்கள் பெயரில் பாக்கி ஏதும் இல்லாத ஏடுதான் உங்களுக்கு முதல் முதலீடு.