பாதியில் நின்றவர்களுக்கும் அந்த ஆயிரம்

அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டம் 2022 முதலும், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 முதலும் மாதம் 1,000 ரூபாய் தருகின்றன. நல்ல திட்டங்கள்தான். ஆனால் 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை, யாருக்கு இந்தப் பணம் அதிகம் தேவையோ அவர்களை வெளியிலேயே நிறுத்திவிடுகிறது. ஒன்பதாம் வகுப்போடு நின்று, பிறகு தனித்தேர்வராகத் தேறியவர் இந்தக் கணக்கில் வரமாட்டார்.

அப்படிப் பாதியில் நின்றவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பது ரகசியமில்லை. திருப்பூர் பனியன் கம்பெனிகளில் பிசிறு வெட்டுகிறார்கள், கைமடிக்கிறார்கள். ஒன்றரை ஷிப்ட் முடித்து வீடு திரும்ப இரவாகிவிடும். பத்தாம் வகுப்பைத் தனியாக எழுத நினைக்கும் பையன், முதலில் அறிவியல் செய்முறைப் பயிற்சிக்குப் பதிந்து, ஒதுக்கிய பள்ளிக்குப் போய்வர வேண்டும். தேர்வுக் கட்டணம் பெரிதில்லை. இழக்கும் கூலிதான் பெரிது.

கட்டாயக் கல்விச் சட்டத்தின் பொறுப்பு 14 வயதோடு முடிகிறது. 2016-இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டமோ, அந்த வயதைத் தாண்டியவரை ஆபத்தில்லாத வேலைகளுக்கு அனுமதிக்கிறது. எந்த வழி எளிது என்று பிள்ளைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை!

ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்தில், 16 முதல் 19 வயதுள்ள பட்டியலினத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் திறந்தநிலைப் பள்ளி வழியே படிப்பை முடிக்க, வகுப்புக்கு 2,000 ரூபாய் வரை உதவி உண்டு. மாதக் கணக்கில் 170 ரூபாய்கூட வராது. அந்தத் திட்டத்தில் தமிழகத்துக்கு 2024-25-இல் வரவேண்டிய 2,152 கோடி ரூபாயை, பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் கையெழுத்திடாததைக் காரணம் காட்டி ஒன்றிய அரசு நிறுத்தியது அநியாயம். ஆனால் டெல்லியைக் கைகாட்டிவிட்டு மாநில அரசு ஒதுங்கிக்கொள்ள முடியாது. ஆயிரம் ரூபாய்க்கான 6 முதல் 12-ஆம் வகுப்பு நிபந்தனை சென்னையில் எழுதப்பட்டது.

அதைத் தளர்த்த வேண்டும். தனித்தேர்வராகப் பதிந்த மாதத்திலிருந்தே, மாலை வகுப்புக்கு வருகிறவரின் வங்கிக் கணக்கில் 1,000 ரூபாய் விழ வேண்டும். வாரத்தில் சில நாளாவது அந்தக் கூடுதல் அரை ஷிப்டைக் கைவிட அது உதவும். திருப்பூரிலும் சிவகாசியிலும் அரசுப் பள்ளிகளிலேயே மாலை வகுப்பு நடத்தலாம். செய்முறைப் பயிற்சியை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றலாம்.

பணத்துக்காகவே பிள்ளைகள் பள்ளியை விட்டுவிடுவார்கள் என்று நிதித்துறை தயங்கக்கூடும். ஆயிரம் ரூபாயைச் சில நாள் வேலையிலேயே கம்பெனி கொடுத்துவிடுகிறது. அதற்காக யாரும் பள்ளியை விட்டுத் தனித்தேர்வு எழுத வரமாட்டார்கள். அடுத்த தனித்தேர்வு அறிவிப்பிலேயே இந்த உதவித்தொகையும் ஞாயிறு வகுப்பும் இடம்பெறட்டும்.