விட நினைப்பவருக்கு ஒரு வாங்கு



சம்பளத்துக்கு மறுநாள் என் வகுப்பில் சில பிள்ளைகள் தூங்கி விழுவார்கள். இரவு லயத்தில் என்ன நடந்தது என்று நான் கேட்பதில்லை. சென்ற மாதம் அப்படியொரு பிள்ளையின் தகப்பன் பாடசாலை வாசலில் வந்து நின்றார். "மாஸ்டர், குடிய விட்டுறணும்னு இருக்கேன். எங்க போறது?"

தவறணைக்கு வழி கேட்க வேண்டியதில்லை. இதற்குத்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

1935இல் அமெரிக்காவின் அக்ரோன் நகரில் குடியால் நொந்த இருவர் ஒருவரோடு ஒருவர் பேசித் தொடங்கியதே 'ஏ.ஏ.' குழு. கட்டணமில்லை. முழுப் பெயர் சொல்ல வேண்டியதில்லை. விட வேண்டும் என்ற எண்ணம் போதும். இலங்கையிலும் அது கூடுகிறது. ஆனால் மலையிறங்கிப் போய்வந்தால் ஒரு நாள் பேர் போய்விடும்.

ஆகவே, ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் வாரத்தில் ஒரு மாலை சங்கக் காரியாலயத்தைத் திறந்து வைக்கட்டும். நமக்கும் இரண்டு பேர் போதும். அங்கே பேசியது துரைக்கோ கங்காணிக்கோ போகக்கூடாது. பல வருடம் தினமும் குடித்தவர் ஒரேயடியாக நிறுத்தினால் வலிப்பு வரலாம். அவரை முதலில் டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.

சம்பளத்துக்காகப் பிரட்டுக்களத்தில் ஒன்றாக நின்றோம். அது வீடு வந்து சேரவும் ஒன்றாக உட்காருவோம்.