‘ஓட்டுநர் பிழை’ என்பது யாருடைய வாக்கியம்?

நீண்ட பதிவு. பொறுமையுள்ளோர் வாசிக்கலாம், மாற்றுக்கருத்துடையோர் அவசியம் வாசிக்க வேண்டும்.

சென்ற வாரம் விடுதி உணவுக்கூடத்தில் இயந்திரப் பொறியியல் ஆய்வாளரான நண்பர் ஒருவரோடு நிகழ்ந்த வாக்குவாதமே இதை எழுதக் காரணம். அமெரிக்காவில் ஆட்டோமேட்டிக் கியர் பொருத்திய எஸ்.யூ.வி.களும் பிக்கப் டிரக்குகளும் ஆளில்லாமல் உருண்டு மனிதர்களை நசுக்கிய வழக்குகளைப் பற்றிப் பேச்சு வந்தது. “இறங்கும்போது பார்க்கில் போட மறந்திருக்கிறார்கள். ஓட்டுநர் பிழை, அவ்வளவுதான். இதில் மொழியியலுக்கு என்ன வேலை?” என்றார் அவர். உடனிருந்த எங்கள் துறையினர் இருவரும் தலையசைத்தனர். எனக்குச் சினம் மூண்டது அவர்மீதன்று, எங்களவர்மீது. செயப்பாட்டுவினை வாக்கியத்தில் செய்பவர் எங்கே ஒளிந்துகொள்கிறார் என்று முதலாமாண்டு மாணவர்க்குப் பாடம் நடத்துபவர்கள் நாம். ஒரு பெருநிறுவனம் ‘பிழை’யின் உரிமையாளர் இன்னார் என்று எழுதிக் கொடுத்ததும் அதை மட்டும் ஆராயாமல் ஏற்றுக்கொள்கிறோம்.

ஆட்டோமேட்டிக் வண்டி ஓட்டியறியாதவர்களுக்காக (நானும் அவர்களில் ஒருவன்) ஒரு சிறு விளக்கம். அவ்வண்டிகளில் கிளட்ச் மிதி கிடையாது. லீவர், பார்க், ரிவர்ஸ், நியூட்ரல், டிரைவ் என்ற வரிசையில் நகரும். பார்க்கில் வைத்தால் கியர்ப் பெட்டிக்குள் சிறு உலோக நாக்கு ஒன்று பல்சக்கரத்தின் இடைவெளியில் விழுந்து அதைச் சுழலவிடாமல் பூட்டும். பார்க்குக்கு அடுத்த இருக்கை ரிவர்ஸ் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

பல தலைமுறைகளாக இந்த லீவர் ஒரு குறியாகவே இருந்துவந்தது. அது எங்கே நிற்கிறதோ அதுவே அதன் பொருள். கண்ணால் பார்க்க வேண்டியதில்லை; கை அறியும். 2014, 2015 மாடல் ஜீப் கிராண்ட் செரோக்கியிலும், 2012 முதல் 2014 வரையிலான டாட்ஜ் சார்ஜர், கிரைஸ்லர் 300 கார்களிலும் இந்தக் குறி குலைக்கப்பட்டது. அவற்றில் இருந்தது மின்னணு லீவர். முன்னோ பின்னோ தள்ளினால் கட்டளை போகும். கையை எடுத்ததும் லீவர் நடுவிடத்துக்கே திரும்பிவிடும். பார்க்கில் இருந்தாலும் டிரைவில் இருந்தாலும் அது நிற்கும் இடம் ஒன்றே. என்ன கியர் என்பதை லீவரின் தலையிலும் முகப்புப் பலகையிலும் ஒளிரும் எழுத்தைப் பார்த்துத்தான் அறிய வேண்டும். கை அறிந்திருந்த ஒன்றைக் கண்ணுக்கு மாற்றிவிட்டு, கை இன்னும் பழைய இலக்கணத்திலேயே இயங்குவதைப் பிழை என்றார்கள்.

2016 ஏப்ரலில் ஃபியட் கிரைஸ்லர் நிறுவனம் உலகெங்கும் சுமார் 11 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. இதனோடு தொடர்புடையதாக இருக்கக்கூடிய காயங்கள் 41 என்று அப்போது கூறியது. ஜூனில் அமெரிக்க நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் தன் விசாரணையை முடித்தபோது கணக்கு 266 மோதல்கள், 68 காயங்கள் என்றிருந்தது. அதே ஜூன் 19 அன்று, லாஸ் ஏஞ்சலிஸில் நடிகர் ஆன்டன் யெல்ச்சின் தம் வீட்டின் சரிவான வண்டிப்பாதையில், பின்னோக்கி உருண்டுவந்த தம்முடைய 2015 மாடல் கிராண்ட் செரோக்கிக்கும் மதில்தூணுக்கும் இடையே நசுங்கி இறந்தார். வயது 27. என்னைவிட ஓரிரண்டு வயது இளையவர். அவருடைய பெற்றோர் தொடுத்த வழக்கு 2018இல் வெளியே சொல்லப்படாத உடன்பாட்டில் முடிந்தது.

இனி அந்த ஏப்ரல் மாத நிறுவன அறிக்கையின் வாதத்தைக் கவனியுங்கள். ஓட்டுநர்கள் பார்க்கைத் தேர்ந்தெடுக்காமல் இறங்கியபோது இச்சம்பவங்கள் நிகழ்ந்தன. வண்டிகளைச் சோதித்ததில் உபகரணக் கோளாறுக்குச் சான்று இல்லை. கதவைத் திறந்தால் எச்சரிக்கை ஒலியும் செய்தியும் வருகின்றன. ஆயினும் சிலரைத் தடுக்க அவை போதாமல் இருக்கலாம். இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. லீவர் உடையவில்லை, கம்பி அறுபடவில்லை, கணினி தவறான கட்டளை தரவில்லை. ஒவ்வொரு பாகமும் வடிவமைத்தபடியே இயங்கிற்று. வடிவமைப்பே குறைபாடு என்றால் இத்தகைய சோதனையில் அது அகப்படவே அகப்படாது. அரசு நிர்வாகத்தின் மதிப்பீடு வேறு திசையில் இருந்தது: அந்த லீவரின் இயக்கம் இயல்பாகப் புரிவதாக இல்லை, தொடுகைக்கும் பார்வைக்கும் அது போதிய மறுமொழி தருவதில்லை, அதனால் எண்ணாத கியரில் விழும் வாய்ப்பு மிகுகிறது. நண்பரே, இது குறியியல் தீர்ப்பு. இதை எழுதியவர்கள் பொறியாளர்கள். உம்முடைய கேள்விக்கு உம்முடைய துறையே விடை சொல்லியிருக்கிறது.

ஆங்கிலத்தில் இவ்வகை விபத்துக்கு ‘ரோல்அவே’ என்று பெயர். உருண்டோடல். உருட்டியவர் அச்சொல்லில் இல்லை. தமிழில் இதை எழுத முனைந்தால் வினையே நம்மை ஒரு முடிவுக்குத் தள்ளும்: ‘உருண்டது’ என்பதா, ‘உருட்டியது’ என்பதா? தமிழ் வினைகளின் இந்த இணைகளைச் செயப்படுபொருள் உண்டா இல்லையா என்ற அளவுகோலால் மட்டும் விளக்க முடியாது, எழுவாய் அச்செயலைப் படுகிறதா நிகழ்த்துகிறதா என்பதே வேறுபாடு என்று கு. பரமசிவம் தம் ஆய்வில் நிறுவினார். அந்த நூலைத் தேர்வுக்காகப் படித்தோம். ‘வண்டி உருண்டது’ என்னும் செய்தித்தாள் வாக்கியத்தின்மீது அதைப் பொருத்திப் பார்க்கும் எண்ணம் எவருக்கும் வந்ததாகத் தெரியவில்லை.

இது ஒரு லீவரின் கதை என்று தள்ளிவிட முடியாதபடி, இதற்கு முன்னோடி ஒன்றுண்டு. 1970களில் ஃபோர்டு வண்டிகளில் வேறொரு விபரீதம் நேர்ந்தது. லீவர் பார்க்கில் இருப்பதுபோல் தோன்றும். உள்ளே அது பார்க்குக்கும் ரிவர்ஸுக்கும் இடையே நிற்கும். எஞ்சின் அதிர்விலோ, கதவை அறைந்து சாத்திய அதிர்ச்சியிலோ அது ரிவர்ஸில் விழும். இயங்கிக்கொண்டிருக்கும் வண்டி, இறங்கியவரை நோக்கிப் பின்னால் வரும். 1980 ஜூனில் பாதுகாப்பு நிர்வாகம் தன் முதற்கட்ட முடிவை வெளியிட்டபோது அதன் கைவசம் சுமார் 23,000 புகார்கள், 6,000 விபத்துகள், 1,710 காயங்கள், 98 மரணங்கள் என்ற பட்டியல் இருந்தது. ஓட்டுநர்கள் லீவரை முழுமையாகப் பார்க்கில் வைப்பதில்லை என்பதே நிறுவனத்தின் வாதம். அவ்வாண்டின் இறுதியில் போக்குவரத்துத் துறைக்கும் நிறுவனத்துக்கும் உடன்பாடு ஏற்பட்டது. திரும்ப அழைப்பு இல்லை. மாறாக, ஏறக்குறைய 2 கோடியே 30 லட்சம் வண்டி உரிமையாளர்களுக்கு அஞ்சலில் ஓர் ஒட்டுத்தாள் அனுப்பப்பட்டது. முகப்புப் பலகையில் ஒட்டிக்கொள்ள.

அந்த ஒட்டுத்தாளின் சாரம் இது: இருக்கையைவிட்டு எழுமுன் லீவர் பார்க்கில் பொருந்தியிருப்பதை உறுதிசெய்க, ஹேண்ட் பிரேக்கை முழுதும் இடுக, எஞ்சினை நிறுத்துக, இவற்றைச் செய்யாவிடில் வண்டி எதிர்பாராமல் நகரக்கூடும். ‘செய்யாவிடில்’ என்ற நிபந்தனை எச்சத்தைப் பாருங்கள். பல்லாண்டு விசாரணை, தொண்ணூற்றெட்டுப் பிணங்கள், எல்லாம் அந்த ஓர் எச்சத்துக்குள் அடங்கிவிடுகின்றன. வண்டி நகர்ந்ததற்குக் காரணம் இனி கியர்ப் பெட்டி ஆகாது. உரிமையாளர் செய்யத் தவறிய ஒன்றே காரணம். வாக்கியம் இலக்கண சுத்தமானது. ஒரு பாகத்தைக்கூட மாற்றாமல் பொறுப்பு மட்டும் கைமாறியது.

நிறுவனங்கள் இதைத் தற்செயலாகச் செய்வதில்லை. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் எஞ்சின் சாவி சுவிட்ச் விவகாரம் கியர் சார்ந்ததன்று என்றாலும் இங்கே சொல்லியாக வேண்டும். 2014 மே மாதம் அந்நிறுவனம் 3.5 கோடி டாலர் தண்டம் கட்ட ஒப்புக்கொண்ட உடன்பாட்டு ஆவணங்களோடு, 2008ஆம் ஆண்டின் உள்பயிற்சிப் படக்காட்சி ஒன்றும் வெளிவந்தது. ஊழியர்கள் அறிக்கைகளில் எழுதக் கூடாத 69 சொற்களும் தொடர்களும் அதில் பட்டியலிடப்பட்டிருந்தன. ‘மரணப்பொறி’ போன்றவை இருந்ததில் வியப்பில்லை. ‘குறைபாடு’, ‘பாதுகாப்பு’, ‘பிரச்சினை’ ஆகியவையும் அப்பட்டியலில் இருந்தன. ‘குறைபாடு’ என்பதற்குப் பதில் ‘வடிவமைத்தபடி இயங்கவில்லை’ என்று எழுத வேண்டுமாம். மொழியியலுக்கு இதில் என்ன வேலை என்று கேட்பவர்கள், ஒரு கார் நிறுவனம் சொற்பொருண்மையியல் வகுப்பு நடத்தியதன் காரணத்தை முதலில் விளக்கட்டும்.

சட்டம் எழுதியவர்கள் நம்மைவிடக் கூர்மையானவர்கள். அமெரிக்க மத்திய ஒழுங்குவிதிகளின் 49ஆம் தலைப்பு, 577ஆம் பகுதி, வண்டி உரிமையாளருக்கு அனுப்பும் கடிதத்தில் என்ன இருக்க வேண்டும் என்பதோடு நிற்காமல், வாக்கியத்தையே வகுத்துத் தருகிறது. இன்ன நிறுவனம், இன்ன வண்டியில், வாகனப் பாதுகாப்பு தொடர்பான குறைபாடு உள்ளது என்று முடிவு செய்திருக்கிறது: இந்த அமைப்பில் கடிதம் எழுதப்பட வேண்டும். எழுவாய் நிறுவனம். ‘குறைபாடு’ என்ற சொல் தவிர்க்க முடியாதது. குறைபாடு இல்லை என்றோ, அது பாதுகாப்போடு தொடர்பற்றது என்றோ பொருள்படும் எதையும் அக்கடிதத்தில் சேர்க்கவும் தடையுண்டு. இதனால்தான் ஒரே நிகழ்வுக்கு இரண்டு மொழிகள் பிறக்கின்றன. உரிமையாளரின் வீட்டுக்குப் போகும் கடிதம் சட்டத்தின் மொழியில் இருக்கும். பத்திரிகைக்குப் போகும் அறிக்கையில் ‘உபகரணக் கோளாறுக்குச் சான்றில்லை’. செய்தியாவது இரண்டாவது. உணவுக்கூடம்வரை வந்து சேர்வதும் அதுதான்.

“இருந்தாலும் கவனமாக இருந்திருந்தால் தப்பியிருக்கலாமே” என்று கேட்பீர்கள். கவனமாக இருந்தவர்களின் கதையைப் பார்ப்போம். 2022 ஜூனில் ஃபோர்டு சுமார் 29 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. எஸ்கேப், எட்ஜ் எஸ்.யூ.வி.கள் அவற்றில் அடக்கம். லீவரையும் கியர்ப் பெட்டியையும் இணைக்கும் கேபிளின் முனையில் உள்ள ஒரு சிறு புஷ் நைந்து கழன்றுவிடுகிறது. ஓட்டுநர் முறைப்படி லீவரைப் பார்க்குக்குத் தள்ளுகிறார். லீவரும் பார்க்கில்தான் நிற்கிறது. உள்ளே கியர்ப் பெட்டி வேறொன்றில் இருக்கிறது. எச்சரிக்கை ஒலியும் இல்லை. இங்கே பிழை செய்த ஓட்டுநரைக் காட்டுங்கள். 2017 டிசம்பரில் ராம் பிக்கப் டிரக்குகள் சுமார் 18 லட்சம் திரும்ப அழைக்கப்பட்டன. பிரேக்கை மிதிக்காமல் லீவர் பார்க்கைவிட்டு நகரக் கூடாது என்பதற்காக வைத்த பூட்டு, சூடேறிச் செயலிழந்து திறந்தே கிடக்கக்கூடும் என்பது அங்கே குறை. ஒரு குழந்தையின் கை பட்டாலும் லீவர் நகரும். சரிசெய்யும்வரை ஹேண்ட் பிரேக்கைப் பயன்படுத்துமாறு வாடிக்கையாளர்களுக்கு அறிவுரை. நல்ல அறிவுரைதான். ஆனால் 1980இன் ஒட்டுத்தாள் நினைவுக்கு வராமல் இதைப் படிக்க என்னால் இயலவில்லை.

நம் நாட்டைப் பற்றியும் ஒரு சொல். 2012 முதல் இங்கே வாகன உற்பத்தியாளர் சங்கத்தின் தன்விருப்ப நெறிமுறை மட்டுமே இருந்தது. 2019இன் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் 110அ பிரிவைச் சேர்த்து, திரும்ப அழைக்க உத்தரவிடும் அதிகாரத்தை மத்திய அரசுக்குத் தந்தது; 2021 ஏப்ரல் முதல் அது நடைமுறைக்கு வந்தது. குறையைத் தானே கண்டறிந்து அரசுக்குத் தெரிவித்துத் திரும்ப அழைக்கும் நிறுவனத்துக்கு அப்பிரிவின் தண்டம் கிடையாது. இதில் நியாயமுண்டு, மறைப்பதைவிடச் சொல்வது நல்லது. அதன் மொழி விளைவை மட்டும் பாருங்கள். நாம் படிக்கும் அறிவிப்புகள் யாவும் ‘தாமாக முன்வந்து’, ‘மிகுந்த முன்னெச்சரிக்கையுடன்’ என்றே தொடங்குகின்றன. கடமை, கொடையாக உருமாறிவிடுகிறது. வாடிக்கையாளர் நன்றிசொல்ல வேண்டிய இடத்தில் நிற்கிறார். இத்தகைய அறிவிப்பில் ‘குறைபாடு’ என்ற சொல் முதல் வாக்கியத்திலேயே, உரிமையாளர் வாசிக்கும் மொழியில் இடம்பெற வேண்டும் என்று கேட்பது மொழியியல் துறைகளின் வேலை. தமிழ்நாட்டில் டிரக் ஓட்டுபவருக்கு ஆங்கிலக் கடிதம் அனுப்பிவிட்டு அறிவித்தாயிற்று என்பது எனக்கு ஏற்புடையதன்று.

கடைசியாக நண்பருக்கு ஒன்று. 2015 மாடல் சார்ஜரிலும் 300இலும், 2016 மாடல் கிராண்ட் செரோக்கியிலும் அந்த லீவர் இல்லை. வைத்த இடத்தில் நிற்கும் பழைய பாணி லீவருக்கே நிறுவனம் திரும்பிவிட்டது. 2016 ஏப்ரல் அறிவிப்புக்கு முன்பே இந்த மாற்றம் நடந்துவிட்டது. பிழை ஓட்டுநருடையது என்றால் லீவரை ஏன் மாற்றினார்கள்? விடையை உணவுக்கூடத்தில் எதிர்பார்க்கிறேன். தேநீர் என் செலவு.